ஈரத்துண்டும் கடைசித் தோசையும்

எங்கள் ஊரில் பரீட்சையைப் பிள்ளைகள் எழுதுவதில்லை, வீடுகள் எழுதுகின்றன. வீடு தேறினால் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகும். பரீட்சையன்று காலையில் வீடு கிளம்பிப் பள்ளிக்குப் போய்விடும். அது திரும்பும்வரை வெறும் மனையில் அடுப்பையும் அண்டாவையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மழை வந்தால் குடை இருக்கிறது.

மகள் மதுமிதா எட்டாம் வகுப்புக்கு வந்ததும் நானும் என் மனைவி வளர்மதியும் எல்லோரையும்போலக் கேபிளைத் துண்டித்தோம். விருந்தாளிகளை வரவேண்டாம் என்றோம். நான் தையல்காரன், சத்தம் போடும் மெஷினைக் கடைக்குத் தூக்கிப்போனேன். வீட்டில் சைகையில் பேசினோம். சண்டை போட மட்டும் தெருமுனைக்குப் போனோம். இத்தனை பாடுபட்டும் அரையாண்டில் வீடு வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தது.

லூர்துமேரி டீச்சர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

"வீட்ல பேசுவீங்களா சார்?"

"மூச்சுகூட விடமாட்டோம் டீச்சர்," என்றேன் பெருமையாக.

"அப்புறம் அது எதை வச்சு எழுதும்? முழுப் பரீட்சையிலயும் இப்படின்னா மது திரும்ப எட்டாவதுதான்."

வழியெல்லாம் வளர்மதி அழுதாள். வீட்டுக்குள் நுழைந்ததும், நாற்காலியில் நான் போட்டிருந்த ஈரத்துண்டைப் பார்த்துப் பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுத் திட்டினாள். தானாகக் காய்ந்துவிடும் என்று நானும் விடவில்லை. எப்படிக் காயும் என்று மது கேட்டாள். மூவரும் மாறிமாறிக் கத்தினோம். அப்பாடா என்றிருந்தது. மறுநாள் மெஷின் திரும்பி வந்தது. கடைசித் தோசையை மூன்றாகப் பங்கிடுவதில் தினமும் தகராறு நடந்தது.

முழுப் பரீட்சையில் ஆவியாதல் பற்றிய கேள்விக்கு வீடு அந்தத் துண்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தது. பின்னக் கணக்கைத் தோசையை வைத்தே போட்டிருந்தது.

"கருகுன பங்கை எப்பவும் நீங்களே எடுத்துக்குறதையும் எழுதியிருக்கு," என்றார் டீச்சர், விடைத்தாளைப் புரட்டியபடி. "அதுக்கு மார்க் கிடையாது சார்."

மது தேறிவிட்டாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு வீட்டுக்கும் சீருடை மாறும். அன்று சாயங்காலமே இஞ்ச் டேப்போடு ஏணியில் ஏறினேன். போன வருஷ அளவைவிட வீடு இரண்டு முழம் உயர்ந்திருந்தது. டேப் பட்டதும் கூச்சத்தில் நெளிந்தது.

"அசையாம நில்லு," என்று மது அதை அதட்டினாள்.

கீழே ஏணியைப் பிடித்திருந்த வளர்மதி அண்ணாந்து பார்த்தாள்.

"கொஞ்சம் லூசாவே வைங்க. வளர்ற வயசு."