ரொனியின் முதல் நன்மை வீடியோ

கொட்டாஞ்சேனையில் கிளெமென்ற் நடத்திய வீடியோ ஸ்ரூடியோவின் கணினிகளெல்லாம் மெல்ரோயின் பொறுப்பு. நான்கு ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து, பதினாறு வருடக் கல்யாணங்களையும் திருமுழுக்குகளையும் அதற்குள் வைத்திருந்தார்கள். இடம் நிறைந்துவிட்டது. இன்னும் இரண்டு டிஸ்க்கைச் சேர்த்துப் புதிதாக அமைக்க வேண்டும். பழையவற்றை அதுவரை வைத்திருக்க வேறு இடமில்லை. வேண்டியவர்கள் வந்து பிரதி எடுக்கலாம் என்று கிளெமென்ற் வாசலில் அறிவித்தல் ஒட்டி ஒரு மாதம் காத்திருந்தார். ஆறேழு பேர்தான் வந்தார்கள்.

பிறகு மெல்ரோய் பழைய இணைப்பை நிறுத்தினான். நிறுத்தினால் மட்டும் போதாது. இன்ன தொகுதியைச் சேர்ந்தது என்று ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு குறிப்பு இருக்கும். அதை அழிக்காவிட்டால் கணினியை மறுபடி போடும்போது பழையது எழுந்து புதியதைக் குழப்பும். நான்கிலும் அழித்தான். ஊராரின் வீட்டு விசேஷங்கள் பிறர் கையில் சிக்கக்கூடாதென்று டிஸ்க்குகள் முழுவதும் வெறும் பூச்சியங்களை எழுதினான். அதற்கே இரண்டு நாள் எடுத்தது. அதன் பிறகுதான் புதியதை அமைத்தான். கிளெமென்ற் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மூன்றாம் நாள் வெள்ளவத்தையிலிருந்து றஞ்சிதம் வந்தார். ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் வேலை செய்த அவரது ஒரே மகன் ரொனி, போன மாதம் அங்கேயே விபத்தில் இறந்துபோனான். இருபத்துநாலு வயது. எட்டு வயதில், முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை நாளன்று, கோயிலில் மைக்கின் முன் நின்று மன்றாட்டு வாசித்தவன். அதைக் கிளெமென்ற் படம்பிடித்துக் கொடுத்த சீடி பூஞ்சணம் பிடித்துப் போயிருந்தது.

"அவன்ர சின்னக் குரல் இனி உங்களிட்ட இருக்கிற வீடியோவிலதான் கிடக்கு, தம்பி."

மெல்ரோய்க்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தேடிப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டான்.

அந்தக் கிழமை முழுக்கத் தெரிந்த மென்பொருளையெல்லாம் ஓட்டினான். கடைசியில் அந்த நான்கு டிஸ்க்கையும் கழற்றி, பம்பலப்பிட்டியில் அழிந்த பதிவுகளை மீட்டுத் தரும் நபீசிடம் கொண்டுபோனான். ஒருநாள் முழுதும் பார்த்துவிட்டு நபீஸ் இல்லையென்று தலையை ஆட்டினார். அரைகுறையாக அழித்திருந்தால் ஏதாவது எடுத்திருக்கலாமாம். இத்தனை சுத்தமாக அழித்தவனை அவர் பார்த்ததே இல்லையாம். அந்தப் பாராட்டு மெல்ரோயின் நெஞ்சை அறுத்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் வெள்ளவத்தைக்குப் போய் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அவனே அழுதுவிட்டான். றஞ்சிதம் ஏசவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அழிக்க முதல் அதைப் போட்டுப் பாத்தனீங்களா?"

"இல்லை, அன்ரி."

"பாத்திருந்தா உங்களிட்டக் கேட்டிருப்பன். வாசிக்கேக்க ஒரு இடத்தில திக்கிப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சவன். எந்தச் சொல்லில எண்டு எனக்கு மறந்துபோச்சு."

மெல்ரோய் கிளாசைக் கையில் பிடித்தபடியே இருந்தான்.