ஆம்ப்ளிஃபையரின் ஞானத்தகப்பன்

எல் ஆல்டோ நகரத்தில் யாரும் எதையும் தனியாக வாங்குவதில்லை. கல்யாண கேக்குக்குக் காசு கொடுக்க ஒரு ஞானத்தகப்பன், வீட்டுக் கூரைக்கு ஒருவர், கால்பந்துச் சட்டைக்கு இன்னொருவர். ஆலங்கட்டி என்ற ராக் குழுவும் அப்படித்தான் வளர்ந்தது. டிரம்ஸுக்கு ஞானத்தாய் ஒரு துணிக்கடைக்காரம்மா. ஆம்ப்ளிஃபையருக்கும், அவர்கள் போட்ட ஒரே சிடிக்கும் ஞானத்தகப்பன், நாலு மினிபஸ் வைத்திருக்கும் தோன் கசிமிரோ. ஆம்ப்ளிஃபையர் வந்த அன்று வழக்கப்படி அதன்மேல் பீர் தெளித்து வாழ்த்தினார். அன்றிலிருந்து அது கொரகொரவென்கிறது.

வாங்கிக் கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் வாசித்தாக வேண்டும். ஞானஸ்நானம், குழந்தைக்கு முதல் முடி எடுப்பு, கூரை விருந்து என்று பதினேழு வருஷம் ஓடிவிட்டது. அங்கெல்லாம் ராக் யாருக்கு வேண்டும்? ஆடுவதற்குக் கும்பியா என்கிற துள்ளல் பாட்டைத்தான் கேட்பார்கள். டிரம்ஸ் வாசிக்கும் மிலெங்காதான் குழுவின் பாட்டுகளை எழுதியவள். அந்தப் பாட்டுகள் வேண்டும் என்று கேட்கிற ஒரு கூட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை வாசித்துவிட்டால் போதும், மிச்ச ஆயுசு முழுக்கக் கும்பியா வாசிக்கத் தயார் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தொலைவிலிருக்கும் கொச்சபம்பா நகரத்து ராக் விழாவிலிருந்து அழைப்பு வந்தது. சனிக்கிழமை மாலை, அரை மணி நேரம். பாடகன் செவெரோ உடனே சம்மதித்துவிட்டான். அதே சனிக்கிழமை தோன் கசிமிரோ மகளுக்குக் கல்யாணம் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்ததை வெளியே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அவரிடம் அனுமதி கேட்க மிலெங்காவை அனுப்பினார்கள். வெறுங்கையோடு போக முடியுமா? ஒரு பெட்டி பீர் எடுத்துப் போனாள். முதல் வாயைப் பூமித்தாய்க்கு ஊற்றினார்கள். பெட்டி காலியாகும்வரை வந்த காரியத்தைப் பேசுவது மரியாதையில்லை. பாதிப் பெட்டியில் தோன் கசிமிரோ மகளை நினைத்து அழுதார். மிலெங்காவும் கூடவே அழுதாள். ஏனென்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

திரும்பி வந்தவளிடம் செவெரோ கேட்டான்.

“என்ன சொன்னாரு?”

“கேக்குக்கு நான்தான் ஞானத்தாய்.”

“விழாவுக்குப் போலாமான்னு கேட்டியா?”

“மூணு அடுக்காம். நடுவுல நீரூத்து வேற வைக்கணுமாம்.”

செவெரோ நாலு நாள் அவளோடு பேசவில்லை. பாஸ் கிடார் வாசிக்கும் ஃப்ரோய்லான் பேசினான், பேசாமலே இருந்திருக்கலாம். “உனக்குப் பதிலா ஆம்ப்ளிஃபையர அனுப்பியிருக்கலாம். அது கொர்ருன்னாவது எதுத்துப் பேசியிருக்கும்.” விழாவுக்கு வர முடியாது என்று அவளே போன் செய்து சொன்னாள்.

சனிக்கிழமை மாலை, கொச்சபம்பாவில் மேடையேறியிருக்க வேண்டிய நேரத்தில், தலையெல்லாம் காகிதத்துண்டு தூவப்பட்டு, கேக்கில் நீரூற்று ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு டிரம்ஸில் உட்கார்ந்தாள் மிலெங்கா. கும்பியாவைத் தொடங்கப்போகும்போது தோன் கசிமிரோ மேடையருகே வந்தார்.

“அது அப்புறம். மொதல்ல நம்ம பாட்டு.”

“நம்ம பாட்டுன்னா?”

“சிமெண்டு ஆலைப் பாட்டு. பொண்ணு அதுக்குத்தான் ஆடுவேன்னு நிக்கிறா.”

அது வேலை போனவர்களின் கோபத்தைப் பற்றித் தான் எழுதிய பாட்டு, அதற்கு ஆட முடியாது என்று மிலெங்கா சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்பதாயில்லை. அவள் தாளம் கொடுத்தாள். செவெரோ வாயைத் திறப்பதற்குள் மண்டபம் முழுக்கப் பாடத் தொடங்கியது. டிரைவர்கள், கண்டக்டர்கள், தினமும் அந்த மினிபஸ்களில் இடிபட்டு வரும் அக்கம்பக்கத்தார், தொப்பி வைத்த அத்தைமார்கள் எல்லோரும், கெட்ட வார்த்தையைக்கூட விடாமல் பாடினார்கள். ஒன்பது வருஷமாகத் தோன் கசிமிரோவின் வண்டிகளில் ஆலங்கட்டியின் சிடி தவிர வேறெதுவும் ஓடியதில்லை. சொந்த வண்டியில் அடுத்தவன் பிள்ளையின் குரல் எதற்கு என்பது அவர் கட்சி.

மிலெங்கா டிரம்ஸை ஓங்கி அடித்தாள். சந்தோஷத்தில்தான்.

மூன்றாவது சரணத்தில் கூட்டம் ஒரு வரியைத் தாண்டிக் குதித்தது. தோன் கசிமிரோவின் சிடியில் அந்த இடத்தில் கீறல், பாட்டு தாவிவிடும். அதிலிருந்துதான் நாலு வண்டிக்கும் நகல் எடுத்திருந்தார். முந்நூறு பேரும் ஒரு வரி முன்னால் போய்விட்டார்கள். செவெரோ திகைத்துத் திரும்பி அவளைப் பார்த்தான்.

விட்டுப்போன வரி, அவள் எழுதியதிலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்த வரி. அதற்காக ஒரு மாதம் தூங்காமல் கிடந்திருக்கிறாள். மிலெங்கா ஒரு நொடி யோசித்தாள். பிறகு அந்த வரியை விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.