அக்கா பெயரில் ஒரு ஈ

அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவளைப் பூச்சிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை. அவளுக்கு உலகத்தில் இரண்டே பேர்தான் முக்கியம். ஒன்று அக்கா, இன்னொன்று ஈ. இந்த இரண்டையும் ஒன்று சேர்க்கப் போய்த்தான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஈ என்றால் நம் சாப்பாட்டில் வந்து உட்காருகிற ஈ இல்லை. மழைக்காட்டில் அழுகிய பழத்தின் மேல் உலாத்துகிற நெடுங்கால் ஈ. உடம்பு குச்சி. கால்களோ, யாரிடமோ இரவல் வாங்கி மாட்டியது போல அத்தனை நீளம். நாலு காலில் நடந்துகொண்டு, முன்னங்கால் இரண்டையும் முகத்துக்கு எதிரே ஆட்டிக்கொண்டே போகும். பூச்சிக்காரி பிடித்து வந்ததற்கு அந்த முன்னங்கால் நுனி மட்டும் சுண்ணாம்பில் தோய்த்த மாதிரி வெள்ளை. அப்படி ஒரு வெள்ளையை அதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை.

புது இனம் என்று சொல்லிவிட்டால் போதுமா? அதை விவரித்துக் கட்டுரை எழுத வேண்டுமே. பக்கத்தில் யாராவது தும்மினால் காய்ந்த ஈயின் ஒரு கால் போய்விடும். பசை போட்டு ஒட்டி, ஒவ்வொரு மயிராகப் பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். அதிலும் ஈக்களை இனம் பிரிப்பது முகத்தைப் பார்த்து அல்ல, ஆணின் பின்பக்கத்தைப் பார்த்து. அதை வெட்டி, மருந்தில் ஊறவைத்து, பெரிதாக வரைந்து அச்சில் போடுவார்கள். இதையெல்லாம் நாலு பேர் நடுவில் சொல்ல முடியுமா? அதனாலேயே விசேஷ வீடுகளில் யாராவது "என்ன வேலை பாக்கறே?" என்று கேட்டால் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

கிடைத்தவை எல்லாம் ஆண்கள். பெண் ஒன்றுகூடச் சிக்கவில்லை. சிக்காவிட்டால் போகட்டும், ஆணே போதும் என்று எழுதி முடித்தாள்.

புது இனத்துக்கு லத்தீன் சாயலில் பெயர் வைக்கும் உரிமை எழுதுகிறவருக்கு. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மட்டும் அசிங்கம். மேலதிகாரி அவள் மேஜைப் பக்கம் வந்து, "என் பேரு சின்னதுதான். லத்தீன்ல நல்லா வளையும்" என்று சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா போன பிறகு தலைவாரி விட்டதிலிருந்து படிக்க வைத்தது வரை எல்லாம் அக்கா. பொம்பளைப் பிள்ளைக்கு ஈ பிடிக்கிற வேலையா என்று சொந்தக்காரர்கள் சிரித்தபோது, "அவ இஷ்டம், உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று வாயடைத்ததும் அக்காதான். அக்காவின் பெயரில் லத்தீன் வால் ஒன்றை ஒட்டி அச்சுக்கு அனுப்பினாள்.

அச்சான கட்டுரையை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படித்துப் படித்துத் தமிழில் சொன்னார்.

"உடம்பு ஒல்லி. கழுத்து நீளம். அழுகின பழத்துலயும் மிருகங்களோட சாணியிலயும்..." அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. சிரிப்பில் புரையேறிவிட்டது.

அக்கா பல் டாக்டர். நாலு பேரை வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவள். அன்றைக்கு அவள் வாய்தான் திறந்தபடி நின்றது. "ஏன்டி, உலகத்துல ஒரு பட்டாம்பூச்சி கூடவா கிடைக்கல உனக்கு?"

"அக்கா, இது எவ்வளவு பெரிய மரியாதைன்னு உனக்குத் தெரியாது!"

"சாணியில உக்கார்ற மரியாதையா?"

அதோடு விட்டிருக்கலாம். சனியன், வாய் சும்மா இருக்கவில்லை. "காலைப் பாருக்கா, என்ன அழகு! அப்படியே உன்னை மாதிரி!" என்றாள். அக்கா நெடுநெடுவென்று, ஒல்லியாக இருப்பாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. போன் போட்டால் அத்தான்தான் எடுப்பார். "உன் பேரைச் சொன்னாலே எந்திரிச்சுப் போயிடறா. கொஞ்ச நாள் விடும்மா." எத்தனை நாள் விடுவது? பூச்சிக்காரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வழியில்லை. அச்சேறியது அச்சேறியதுதான், வைத்தவளே காலில் விழுந்தாலும் மாறாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. அதே ஈக்கு வேறு யாராவது முன்னமே பெயர் வைத்திருந்தால், மூத்த பெயர் நிற்கும், பிந்தியது விழும்.

அடுத்த மழைக்குக் காட்டுக்குப் போனபோது, அழுகிய பழம் ஒன்றின் மேல் ஜோடியாக இரண்டு ஈக்கள். மேலே இருந்தது சாட்சாத் அவளுடைய ஆண், வெள்ளைக் காலோடு. கீழே இருந்த பெண்ணுக்கு வெள்ளையே இல்லை, முழுக்கப் பழுப்பு. அந்தப் பழுப்பு அவளுக்குத் தெரியும். போன நூற்றாண்டில் யாரோ ஒரு கனவான் ஒற்றைப் பெண் ஈயை வைத்துப் பெயர் சூட்டி, அருங்காட்சியகப் பெட்டியில் குத்தி வைத்துவிட்டுப் போனது. அந்தப் பெட்டியை இவள் எத்தனையோ தடவை திறந்து மூடியிருக்கிறாள். இரண்டும் ஒரே இனம். புருஷனுக்கு ஒரு பெயர், பெண்டாட்டிக்கு வேறு பெயர் என்று இத்தனை காலம் நடந்திருக்கிறது!

இந்தத் தொழிலில் வேறு யாராக இருந்தாலும், தான் வைத்த பெயர் விழுகிறதே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பார்கள். இவளோ காட்டிலேயே சந்தோஷத்தில் குதித்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் உண்மையை மறைக்க அவளால் முடியாது. அந்த உண்மைக்கு அக்கா கோபம் தீரும் என்ற லாபமும் இருந்தபோது, அவள் பட்ட அவசரத்தைக் கேட்கவே வேண்டாம். தான் வைத்த பெயர் செல்லாது என்று தானே எழுதி அனுப்பினாள்.

"தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் மேலதிகாரி.

அது அச்சான அன்றைக்கே அக்காவின் மருத்துவமனைக்கு ஓடினாள். காத்திருக்கும் அறையில், பல் தேய்க்கும் படம் மாட்டியிருந்த இடத்தில் அந்த ஈ இருந்தது. அவள் வரைந்த அதே படம். ஒரு ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கீழே அக்கா பெயர் பொன்னெழுத்தில். கன்னம் வீங்கிய ஒருவர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொசுவாம்மா?" என்று அவளைக் கேட்டார்.

"கொசு இல்ல, ஈ!" உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "என் பேர்ல இருக்கிற ஈ. என் தங்கச்சி கண்டுபிடிச்சது." கையுறையோடு வெளியே வந்தவள் தங்கையைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரித்தாள். "வந்துட்டியா? நானா கூப்பிடறதான்னு ரோஷம் பாத்துக்கிட்டு இருந்தேன்டி. இந்தப் பேரு அழியவே அழியாதாமே, அத்தான் சொன்னார்."

அது அன்றைக்குத்தான் அழிந்தது என்பது பூச்சிக்காரிக்குத்தான் தெரியும். சொல்லித்தானே ஆகவேண்டும். சொன்னாள்.

அக்கா படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "நீ சொல்லலேன்னா வேற யாருக்காவது தெரிஞ்சிருக்குமா?"

"இப்போதைக்குத் தெரிஞ்சிருக்காது."

"அப்புறம் ஏன்டி?"

"நீ பேசலையேக்கா. நீ பேசாம என்னால இருக்க முடியல."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குப் பேர் சொல்லப் பிள்ளையா குட்டியா? ஒரு ஈ இருந்துச்சு" என்றாள்.

பிறகு கன்னம் வீங்கியவரைப் பார்த்து, "நீங்க வாங்க" என்று உள்ளே கூட்டிப்போனாள். கதவு சாத்திக்கொண்டது. பூச்சிக்காரி வீட்டுக்குப் போகவில்லை. வரிசையில் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.