பதினோரு வரிகளை எழுதியவர்

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. அண்ணி துணி மடித்துக்கொண்டே சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எடுத்துக்கொண்டேன். 'எடுத்துக்கொண்டேன்' என்பது மரியாதைக்காகப் போட்ட சொல். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று முதல் பக்கத்திலேயே தாராளமாக ஊற்றத் தொடங்கினேன்:

"சாலையோர நிறுத்தத்தில் ஒரு பெண் காத்திருந்தாள். தன் வாழ்க்கை இன்னும் சில நிமிடங்களில்..."

சினிமா விளம்பரம் மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன். அடித்ததை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

2

நடந்தது இதுதான். பேருந்து எப்போது வரும் என்று போனில் காட்டும் செயலி ஒன்று. அதன் நிரல், அதாவது அதை இயக்கும் கணினி வரிகள், எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். கூலி கிடையாது; எழுதியவர் பெயர் பதிவில் நிற்கும், அவ்வளவுதான்.

அந்தச் செயலி சாலையின் இரண்டு பக்க நிறுத்தங்களையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு, எதிர்த்திசையில் போகிற பேருந்தை 'இதோ வருகிறது' என்று காட்டியது. மகளோடு மூன்று நாள் ஏமாந்து நின்ற அண்ணி, நான்காம் நாள் லேப்டாப்பைத் திறந்தார். முன்பு நிரல் எழுதும் வேலை பார்த்து, ஒன்பது வருடமாக வேலைக்குப் போகாதவர். பதினோரு வரி எழுதி, செயலியைப் பராமரிப்பவருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்.

பராமரிப்பவருக்குத் திருத்தம் பிடித்துப்போனது. ஆனால் வரிகளுக்கு முன்னால் விடுகிற இடைவெளி அவர்கள் வழக்கப்படி இல்லை. இதற்குப்போய் ஒருவரை அலையவிடுவானேன் என்று தன் கணினியிலேயே இடைவெளியைச் சரிசெய்து, அங்கிருந்தே சேர்த்துவிட்டார். யார் கணினியிலிருந்து சேர்க்கிறோமோ அவர் பெயரே 'எழுதியவர்' என்று பதிவாகும். ஆனது.

(அடிக்குறிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்: வேறொருவர் பெயரைப் போடவும் வழி உண்டு. கூடுதலாகச் சில எழுத்துகள் தட்ட வேண்டும். அவர் தட்டவில்லை.)

அண்ணி வேலைக்கு விண்ணப்பித்தபோதுதான் இது தெரிந்தது. சமீபத்தில் செய்ததைக் காட்டுங்கள் என்றார்கள். அந்தப் பதிவை அனுப்பினார். இதில் உங்கள் பெயர் இல்லையே என்று பதில் வந்தது. வியாழக்கிழமை நேர்காணல். காட்ட வேறொன்றும் அவர் கையில் இல்லை.

3

பராமரிப்பவரை வில்லனாக எழுதினேன். கறுப்புக் கண்ணாடிகூட மாட்டிவிட்டேன். அண்ணி படித்துவிட்டுச் சிரித்தார். பாவம், அவர் பகலெல்லாம் பல் மருத்துவமனையில் கணக்குத் தட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் இதைக் கட்டிக்காக்கிறவர் என்றார். வில்லன் போனதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. மத்தியானம் அப்படியே கண்ணயர்ந்தேன்.

கனவில் நீண்ட சாலை, தூறல். நிறுத்தங்களில் எல்லோரும் போனைப் பார்த்தபடி நிற்கிறார்கள். ஒவ்வொரு போனுக்குள்ளும் அண்ணியின் பதினோரு வரிகள் மெல்ல மூச்சு விடுகின்றன. பேருந்துகள் சொன்ன நேரத்தில் வந்து, ஓசையில்லாமல் அவர்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. அண்ணி மட்டும் ஏறவில்லை. ஏன் என்று கேட்டேன். ஏறுகிறவர்கள் பட்டியலில் தன் பெயர் இல்லையாம். அவர் வருத்தமே இல்லாமல்தான் சொன்னார்.

4

அண்ணி பராமரிப்பவருக்கு எழுதினார். அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். பழைய பதிவிலேயே பெயரை மாற்றலாம். ஆனால் அதன்மேல் அடுக்கிய பதிவுகளெல்லாம் மாறிப்போகும், நகல் வைத்திருக்கும் நூற்றுக்கணக்கானவர்களின் வேலை குழம்பும், இருந்தாலும் சொன்னால் செய்கிறேன் என்றார்.

"மத்தவங்க வேலையை ஏன் கலைக்கணும்?" என்றார் அண்ணி. "அந்தத் திருத்தத்தை நீக்கிட்டு, என் பேர்ல திரும்பச் சேர்க்கட்டும். தப்பு நடந்ததும் அங்கயே தெரியட்டும்."

அதற்கு அவர் தன் தவறை ஊரறிய எழுத வேண்டும். இரண்டு நாள் சத்தமே இல்லை. அண்ணி சாதாரணமாக இருப்பதுபோல ஒரே அலமாரியை மூன்று தடவை அடுக்கினார். புதன்கிழமை மத்தியானம் புதிய பதிவு வந்தது: 'நான் எழுதாததை என் பெயரில் சேர்த்திருந்தேன். நீக்குகிறேன்.' அதற்கு மேலே இன்னொன்று, அதே பதினோரு வரிகள், அண்ணி பெயரில்.

5

கதைக்கு மூன்று முடிவுகள் எழுதினேன். வேலை கிடைத்தது ஒன்று. கிடைக்காதது ஒன்று. மூன்றாவதில் நேர்காணல் செய்பவரே நிறுத்தத்தில் அந்தச் செயலியைப் பார்த்தபடி... போதும், அசடு வழிகிறது. மூன்றையும் அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன்.

அவர் முடிவுகளுக்குப் போகவே இல்லை. நான்காம் பகுதியில் விரலை வைத்தார். தப்பு நடந்ததும் அங்கேயே தெரியட்டும் என்ற வரியை அந்த வரைவில் என் சிந்தனையாக, நல்ல எழுத்துத் தமிழில், கம்பீரமாக எழுதியிருந்தேன்.

"இது நான் சொன்னதுதானே?"

"ஆமா அண்ணி. கொஞ்சம் சீர்படுத்தினேன், அவ்வளவுதான்."

"அவரும் இடைவெளியைத்தான் சரி பண்ணாரு, தம்பி."

கோபமில்லாமல் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வெகுநேரம் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

6

அந்த வரியை அவர் வாயிலேயே திருப்பி வைத்துவிட்டேன். மேலே நீங்கள் படித்தது அப்படித்தான் வந்தது. மூன்று முடிவுகளையும் நீக்கினேன்.

வியாழக்கிழமை என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், அண்ணி ஒரே வாக்கியத்தில் சொன்னார். நான் இதுவரை கேட்டதிலேயே நல்ல வாக்கியம் அது. அதை இங்கே எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கீழே இடம் விட்டிருக்கிறேன். அவர் எழுதுவதாகச் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உங்களுக்கு அவசரமென்றால் நீங்களே ஒரு முடிவு எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குக் கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.