ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம்

சோபியாவிலிருந்து வியன்னாவுக்கு எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். பணிப்பெண்ணாக ஒன்பது வருடம் அந்த வழியில் பறந்திருக்கிறேன். வியன்னாவில் டிராம் பணிமனையில் வேலை பார்த்த என் அப்பாவின் வீட்டுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. வெளியில் சொல்லிக்கொள்கிற பெருமையா இது?

வியன்னாவில் எங்கள் விமானம் நாற்பது நிமிடம்தான் நிற்கும், நாங்கள் இறங்கக் கூடாது. அது உண்மை. ஆனால் எனக்கு விடுமுறை இருந்தது, இலவசப் பயணச்சீட்டும் இருந்தது. அப்பா போனில் கூப்பிடும்போதெல்லாம், "இந்தா இருக்கு வியன்னா. நெனச்சா வந்துரலாம்ப்பா" என்பேன். நினைக்கத்தான் இல்லை.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, வியன்னாவில் ஏறிய வரிசையில் அப்பா நின்றார். கோட்டு, டை, கையில் ஒரு பொட்டலம்.

"என்னப்பா இது, சொல்லாம கொள்ளாம?"

"உனக்குக் கீழ எறங்க நேரமில்ல. சரி, நாமளே மேல ஏறிருவோம்னு வந்துட்டேன். பாலாடைக்கட்டி வச்சு பனிட்சா சுட்டேன், ஆறிப்போறதுக்குள்ள தின்னு. குடைமிளகாய்த் தொக்கும் கொண்டாந்தேன் கலினா, சோதனையில புடுங்கிக்கிட்டானுங்க, நாசமாப் போறவனுங்க."

"சோபியாவுல யாரப் பாக்கப் போறீங்க?"

"யாரையும் இல்ல. இதே விமானத்துலதான் திரும்பி வரேன்."

பின்னால் ஆட்கள் முணுமுணுத்தார்கள். "வழிய மறைக்காதீங்கப்பா, போய் உக்காருங்க" என்றேன்.

காபி வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது பதினான்காம் வரிசையில் மணி அடித்தது. அப்பாவுக்குத் தண்ணீர் வேண்டுமாம். கொடுத்தேன். மறுபடியும் மணி.

"சாப்பிட்டியாம்மா?"

மூன்றாவது தடவை, என்னோடு வேலை பார்க்கும் ப்ளமென் இளித்தான். "ஓடு ஓடு, உன் காதலர் கூப்பிடுறார்."

எனக்கு மானம் போனது.

"பக்கத்து சீட்டு காலியா கெடக்கு. செத்த நேரம் உக்காரேன்" என்றார் அப்பா.

"வேலை பாக்குற எடம்ப்பா இது. இனிமே இத அமுக்காதீங்க."

அவர் தலைக்கு மேல் எரிந்த அழைப்பு விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

சோபியாவிலிருந்து வியன்னாவுக்குத் திரும்பும்போது அவர் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அன்று கூட்டமும் இல்லை, வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்குப் பத்து வரிசை பின்னால், ப்ளமெனோடு உட்கார்ந்து அந்தப் பனிட்சாவைத் தின்றுகொண்டிருந்தேன். நன்றாக இருந்தது.

வியன்னாவில் கதவருகே நின்று, இறங்குகிற ஒவ்வொருவருக்கும் சிரித்தபடி, "எங்களுடன் பயணித்ததற்கு நன்றி, மீண்டும் வருக" என்றேன். பழக்கதோஷம், அப்பாவுக்கும் அதையே சொன்னேன். என் கண் அதற்குள் அவருக்கு அடுத்த ஆளிடம் போயிருந்தது.

"வரேம்மா" என்று இறங்கிப் போனார்.

ஆறாம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டார். இடையில் நான் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. தொந்தரவு என்று நினைத்திருப்பார்.

அடக்கத்துக்கு அதே விமானத்தில் பயணியாகப் போனேன். பதினான்காம் வரிசையைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டு காலி. ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் எவ்வளவு நேரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாவிடம் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, மிச்ச நேரம் சும்மாவே உட்கார்ந்திருக்கலாம்.