விரலைத் தூக்காத வியாழக்கிழமை

அந்த வியாழக்கிழமை, ஊரில் யாருக்கும் விரலைத் தூக்குவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். டிரம்கீலாவில் வண்டி ஓட்டுகிறவர்கள், எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை வணக்கமாக ஓர் அங்குலம் தூக்க வேண்டும். தெரிந்தவரா, தெரியாதவரா என்பதெல்லாம் அப்புறம். தூக்கவில்லையென்றால் ஒன்று நீங்கள் வெளியூர், இல்லையென்றால் உங்கள் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது.

எனக்கு ஒரு விரலோடு நிற்காது. அதுதான் என் வியாதி. முழுக் கையும் எழும்பும், தலை திரும்பும், வாய் திறக்கும். லைசென்ஸ் டெஸ்டில் மூன்று முறை தோற்றதும் இதனால்தான். மூன்றாவது முறை, எதிரே வந்த ஜோசியின் காருக்குப் பக்கத்தில் நடுரோட்டிலேயே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அவருடைய இடுப்பு ஆபரேஷனைப் பற்றி முழுதாக விசாரித்துவிட்டேன். பின்னால் நான்கு வண்டிகள் நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. இடுப்பு எப்படி இருக்கிறதென்று அவர்களுக்கும் தெரிய வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெஸ்ட்காரம்மா மட்டும் எழுதிக்கொண்டே இருந்தாள்.

நான் தோற்ற செய்தி நான் வீடு போய்ச் சேருவதற்குள் மூன்று முறையும் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் சமாதானம் சொல்லிக் கை குலுக்கும்போதுகூட, "அடுத்த தடவை பாத்துக்கலாம் டிம்ப்னா" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால் நான்காவது டெஸ்டைப் பற்றி ஒரு ஈ காக்காயிடம்கூட மூச்சு விடவில்லை. என் கணவன் யூஜினுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த முறை தோற்கவே கூடாது. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. மலைப்பக்கத்தில் தனியாக இருக்கும் ஏழு முதியவர்களின் வீடுகளுக்குப் போய், குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, ஒரு கோப்பை தேநீர் போட்டுத் தர வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் வீடு. முழு லைசென்ஸ் இல்லையென்றால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். இருபது வருடமாக எல் போர்டு வண்டியில், பக்கத்து இருக்கையில் யூஜினை வைத்துக்கொண்டு, அவன் தரையில் இல்லாத பிரேக்கை மிதிப்பதைப் பார்த்துப் பார்த்து நான் நொந்து போயிருந்தேன்.

டெஸ்ட் நடக்கும் இடம் மாட்டுச் சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. வியாழக்கிழமை சந்தை நாள். சுற்று வட்டாரம் முழுக்க அன்று ஊருக்குள்தான் இருக்கும். தேதி கொடுத்தவன் என் மேல் என்ன கோபத்தில் இருந்தானோ தெரியவில்லை.

"ரோட்டைப் பாரு, கண்ணாடியைப் பாரு, மனுஷங்களை மட்டும் பாக்காத," என்றான் யூஜின், காத்திருப்பு அறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி. "இன்னிக்கு ஒரு நாள் நீ யாரையும் தெரியாத டப்ளின்காரின்னு நெனச்சுக்கோ."

"நீ சந்தைக்குப் போகலையா?"

"நீ வர்ற வரைக்கும் இங்கேயேதான் இருப்பேன். போ."

முப்பது வருடத்தில் அவன் தவறவிட்ட முதல் சந்தை அது. எனக்காக உட்கார்ந்தான். அது எனக்குத் தைரியமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பயம்தான் கூடியது. அவன் காலையில் முட்டையைப் பாதியிலேயே வைத்துவிட்டது வேறு உறுத்திக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அடைப்புக்காக அவன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து, மிச்சம் வைத்த முட்டை என்றாலே எனக்கு ஆகாது.

டெஸ்ட் எடுக்க வந்தவர் வெளி மாவட்டத்துக்காரர், டெவ்லின் என்று பெயர். கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, சிரிப்பு என்பதே இல்லாத நீள முகம். நானும் இருப்பதிலேயே நல்லதான என் கறுப்புக் கோட்டைத்தான் போட்டிருந்தேன். இரண்டு பேரும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம்.

முதல் சோதனை வாசலிலேயே வந்தது. சந்தைக் கேன்டீன் நடத்தும் ஃபிலோமினா ரொட்டிக் கூடையோடு ரோட்டைக் கடந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையை இடுப்பில் முட்டுக் கொடுத்துக்கொண்டு கையை ஆட்டினாள். நான் அவளுக்கு வழி விட்டேன், கண்ணாடியைப் பார்த்தேன், கிளம்பினேன். ஒரு புன்னகைகூட இல்லை. அவள் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

அடுத்து தபால்காரர் போனார். அடுத்து மூன்று ஜீப்புகள், மூன்றின் பின்னாலும் மாடு ஏற்றிய டிரெய்லர், மூன்றிலும் விரல்கள் எழுந்தன. என் பத்து விரலும் ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை. மருந்துக்கடைத் திருப்பத்தில் மலாக்கி தன் டிராக்டரில் வந்தார். எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் அவருடையது, எழுபது வயது, விரலைத் தூக்கியதோடு நிற்காமல் தொப்பியையும் தூக்கினார். நான் நேராகப் பார்த்துக்கொண்டு கடந்தேன். கண்ணாடியில் பார்த்தபோது டிராக்டர் நின்றுவிட்டிருந்தது, அவர் சீட்டிலிருந்து எழுந்து திரும்பி என் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உள்ளே குதூகலம் தாங்கவில்லை. டெவ்லின் எதுவும் எழுதவில்லையே! ஒரு பேனா கீறல்கூட இல்லை! பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன், ரிவர்சிலேயே தெருமுனையில் வண்டியைத் திருப்பினேன், மேட்டில் நிறுத்திக் கிளப்பினேன். வண்டி ஓர் அடிகூடப் பின்னால் உருளவில்லை. பாடிவிடலாம் போலிருந்தது.

இரண்டாவது சுற்றுக்கு மறுபடி ஊருக்குள் வந்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. கடைத்தெருவில் யாரும் விரலைத் தூக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கறிக்கடை வாசலில் இரண்டு ஆண்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். சர்ச் படிக்கட்டில் நின்ற ஒரு பெண்மணி என் காரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இங்க யாராவது இறந்துட்டாங்களா?" என்றார் டெவ்லின். டெஸ்டில் அவர் கேட்ட முதல் சொந்தக் கேள்வி அது.

"தெரியலையே சார்," என்றேன். எனக்குத் தெரியாமல் டிரம்கீலாவில் ஒரு சாவா? அவமானமாக இருந்தது.

ஆற்றுப் பாலம் குறுகலானது. நாங்கள் ஏறும்போது எதிர்முனையில் மலாக்கியின் டிராக்டர் குறுக்கே நின்றிருந்தது. அவர் இறங்கி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக என் பக்கம் நடந்து வந்தார். கண்ணாடியைத் தட்டினார். நான் இறக்கவில்லை. ஜோசியின் இடுப்பு எனக்குப் போதும்.

"வழி அடைச்சிருக்கு. கண்ணாடியை இறக்கிக் கேளுங்க," என்றார் டெவ்லின்.

இறக்கினேன். மலாக்கியின் பெரிய கை உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது.

"உன் துயரத்துக்கு வருந்துறேன், டிம்ப்னா கண்ணு."

எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தையை ஒரே ஒரு சமயத்தில்தான் சொல்வோம்.

"என்ன துயரம்? யாருக்கு என்ன ஆச்சு?"

அவர் டெவ்லினின் கறுப்பு டையைப் பார்த்தார், என் கறுப்புக் கோட்டைப் பார்த்தார், இரண்டும் சாவுக்குப் போடுகிற நிறம். கண் கலங்கியிருந்தது. "யூஜின்… நம்பவே முடியல. முப்பது வருஷத்துல மொத தடவையா சந்தைக்கு வரலைன்னப்பவே எனக்குச் சந்தேகம்தான். ஊரே பேசிக்குது."

"அவனை நான் சந்தைக்குப் பின்னாடி விட்டுட்டு வந்தேனே! இப்பதான், அரை மணி நேரம்கூட ஆகல!"

"சந்தைக்குப் பின்னாடியா?" மலாக்கி தொப்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "அங்கேயேவா? ஐயோ கடவுளே! நான் ஃபிலோமினாவுக்குச் சொல்லிடறேன், அவங்கெல்லாம் அங்க போயிடட்டும்."

போனை எடுத்துக்கொண்டே ஓடிப்போய் டிராக்டரைப் பின்னால் எடுத்தார். நான் கிளம்பியபின் நாற்காலியிலேயே சாய்ந்திருக்கிறான், எனக்கு மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை, தொப்பிகள் கழன்றதும் சிலுவை போட்டதும் எங்களுக்குத்தான் என்று எல்லாம் ஒரே நொடியில் கூடி வந்தது. பாதி முட்டை கண் முன்னால் வந்து நின்றது.

டெவ்லின் பேனாவை மூடினார். "அம்மா, உங்களால ஓட்ட முடியலைன்னா இங்கேயே நிறுத்திடலாம். நம்ம ரெண்டு பேர் போனும் ஆபீஸ்ல இருக்கு, அந்த டிராக்டர்காரரோடதை வாங்கி வேற வண்டி வரவழைக்கிறேன். டெஸ்டைப் பத்தி நெனைக்காதீங்க."

"வேற வண்டி எப்ப வரும்? நான்தான் ஓட்டுவேன்."

ஓட்டினேன். பறக்கத்தான் ஆசை. ஆனால் நான் எங்காவது மோதி நின்றால் அவனிடம் யார் போவார்கள்? கண்ணாடி, சிக்னல், மறுபடி கண்ணாடி. ரவுண்டானாவில் நின்றேன், வலப்பக்கம் பார்த்தேன், போனேன். ஐம்பதுக்கு மேல் முள் ஏறவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கழுத்து வரை ஓடியது, துடைப்பதற்குக் கையை எடுக்கவில்லை. வாய் மட்டும் தானாகப் பேசிக்கொண்டிருந்தது. "இருடா, வந்துட்டேன், இருடா." சிவப்பு விளக்கில் நின்றபோது டெவ்லின் தன் கைக்குட்டையை எடுத்து என் மடியில் வைத்தார்.

சந்தைக்குப் பின்னால் திரும்பினேன். முற்றம் நிறைய ஆட்கள். கோடுகளுக்கு நடுவில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். அதற்குள் அவர்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். சாவு வீட்டில் நிற்பதைப்போல ஒருவர் பின் ஒருவராக, ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்தார்கள். ஃபிலோமினா பன்றிக்கறி சாண்ட்விச் தட்டோடு முதலில் நின்று, தட்டைக் கீழே வைக்காமலே என்னை ஒரு கையால் கட்டிக்கொண்டாள்.

"உன் துயரத்துக்கு வருந்துறேன், டிம்ப்னா."

"அவன் எங்க?"

"தங்கமான மனுஷன். உன் துயரத்துக்கு வருந்துறேன்."

"எங்கன்னு யாராவது சொல்லுங்களேன்!"

சொல்வதற்கு யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் ஓட வேண்டும், ஆனால் ஒரு கையை விட்டால் அடுத்த கை பிடித்துக்கொள்கிறது. பத்துப் பேர், பதினைந்து பேர். கண்ணீரில் முகங்களே தெரியவில்லை. கடைசியாக ஒரு கை. தொப்பி மார்போடு, தலை குனிந்து.

"உன் துயரத்துக்கு வருந்துறேன்," என்றது அந்தக் குரல். பிறகு ரகசியமாக, "ஆமா, யாரு போனது டிம்ப்னா? வெளிய வந்து பாத்தேன், எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க, நானும் வந்து நின்னுட்டேன். கேட்டா மரியாதையா இருக்காதுன்னு கேக்கல."

யூஜின்.

அவன் தொப்பியைப் பிடுங்கி அதாலேயே அவனை அடித்தேன். தோளில், முதுகில், கை ஓயும்வரை அடித்தேன். பிறகு கட்டிக்கொண்டேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் ஊர் பார்க்க நான் அவனைக் கட்டிக்கொண்டது அன்றுதான்.

"அடிப்பாவி!" என்றாள் ஃபிலோமினா. "அப்ப ஏன்டி எங்களைப் பாத்தும் பாக்காத மாதிரி போன? கையை ஆட்டினேனே! யமன் மாதிரி ஒரு ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனா நாங்க என்ன நெனைக்கிறது?"

"டெஸ்டுடி! டெஸ்டு!"

"டெஸ்டா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே!"

நான் செத்தவனை மறைத்திருந்தால்கூட மன்னித்திருப்பார்கள். இதை மன்னிக்கத் தயாராக இல்லை. அப்போது அறை வாசலில் அந்த நீள முகம் தெரிந்தது. ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு என்னை உள்ளே கூப்பிட்டார் டெவ்லின்.

"சின்னத் தப்பு நாலு. பாஸ்," என்றார். கையெழுத்துப் போட்டுக்கொண்டே தொடர்ந்தார். "பதினெட்டு வருஷமா இந்த வேலை பாக்கிறேன். அழுதுக்கிட்டே எல்லாக் கண்ணாடியையும் பாத்து ஓட்டினவங்க நீங்க ஒருத்தர்தான்."

காகிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தக் கூச்சலில் சந்தை மாடுகள் மிரண்டு கத்தின. மலாக்கி என்னைத் தூக்கிச் சுற்றினார், எழுபது வயதில். துக்கத்துக்கு வந்த சாண்ட்விச் ஐந்து நிமிடத்தில் காலியானது. தன் சாவுக்கு வந்ததில் யூஜின் மட்டும் மூன்று தின்றான். டெவ்லினுக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவர் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார். வெளி மாவட்டமென்றாலும் நல்ல மனிதர்தான்.

யூஜின் வண்டியிலிருந்து எல் போர்டைக் கழற்றினான். புதிதாகப் பாஸானவர்கள் மாட்ட வேண்டிய பலகை ஒன்றைத் தன் சட்டைக்குள்ளிருந்து எடுத்தான். நான் ஜெயிப்பேன் என்று எனக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருக்கிறான். ஒட்டிவிட்டு, எனக்குக் கதவைத் திறந்து பிடித்தான்.

"போ. தனியாவே வீட்டுக்கு ஓட்டிட்டுப் போ. இருபது வருஷமா கேட்டுக்கிட்டிருந்தியே. நான் மலாக்கி டிராக்டர்ல வர்றேன்."

உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டேன். சாவியைத் திருப்பினேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. டெவ்லினின் நீளக் கால்களுக்காகப் பின்னால் தள்ளிய இருக்கை, அப்படியே, வெறுமனே. பாலத்திலிருந்து சந்தை வரை நான் மனதில் பார்த்துக்கொண்டே வந்தது, யூஜின் இல்லாத இந்த இருக்கையைத்தான்.

எக்கி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"ஏறு."

"ஏன்? அதான் பாஸ் பண்ணிட்டியே. இனிமே நான் எதுக்கு?"

"திங்கட்கிழமையிலேர்ந்து தனியாப் போறேன். இன்னிக்கு ஏறு, யூஜின்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். சுற்றி வந்து ஏறினான். அவன் பெல்ட் மாட்டியிருக்கிறதா என்று நானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.