பிஜிக்காரியின் இலை

வாசலில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகுதான் ராசப்பன் பையிலிருந்து ஒரு பழைய இங்கிலீசுப் புத்தகத்தை எடுத்தார். மாப்பிள்ளை தங்கசாமிக்கு அவர் தாய்மாமன், நாமக்கல்லில் வக்கீல் குமாஸ்தா. புதுச்சத்திரத்தில் பெண்ணின் அப்பா பச்சமுத்துவின் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் அன்று சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்று பேச்சு.

"அந்தக் காலத்துல பிஜித் தீவுக்குப் போன வெள்ளக்கார மாலுமி எழுதுனதுங்க. அந்தச் சனம் மனுசனத் திங்குமாமா."

பச்சமுத்து கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். இளவட்டத்தில் அந்தத் தீவுக்குக் கரும்பு வெட்டப் போனவர். அங்கேயே ஒரு தீவுக்காரியைக் கட்டி, அவள் செத்தபின் மகள் சென்னியம்மாளோடு கப்பலேறி ஊர் திரும்பியவர்.

கதவுக்குப் பின்னால் நின்ற சென்னியம்மாளுக்குக் காது சுட்டது. உங்க தீவுல என்னத்தத் திம்பீங்க என்று ஊருக்கு வந்த நாளிலிருந்து இதே கேள்விதான். மீன், கிழங்கு, தேங்காய் என்று சொல்லிச் சொல்லி அலுத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுக்காமல் அவள் அம்மா சாப்பிட உட்கார்ந்ததே இல்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

விறுவிறுவென்று வெளியே வந்து கை நீட்டினாள். "அதக் குடுங்க."

தீவில் பாதிரிமார் பள்ளியில் படித்த இங்கிலீசு. எழுத்துக்கூட்டிப் பக்கம் புரட்டினாள்.

"கப்பல் ஒடஞ்சு ஒதுங்குனவனுக்குக் கெழங்கு அவிச்சுக் குடுத்ததே அந்தச் சனந்தானுங்க. காய்ச்சல்ல கெடந்தப்ப ஒரு பொம்பள பக்கத்துலயே ஒக்காந்து பாத்திருக்கறா. மனுசக் கறி திங்கறத இவன் கண்ணால பாக்கலீங்க. வேற கப்பக்காரன் சொன்னானாமா. இங்க எழுதியிருக்குது, பாருங்க."

ராசப்பன் வாங்கிப் பார்த்தார். "அப்படித்தான் இருக்குது" என்றார், குரல் இறங்கி.

ஜெயித்துவிட்டோம் என்றுதான் ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் மாப்பிள்ளையின் தாய் பாப்பாயி எழுந்துவிட்டாள்.

"இங்கிலீசு படிக்கிற புள்ளைன்னு ஆருமே சொல்லலீங்களே. எம்பட பையனுக்குக் கையெழுத்தே வராது. மத்த மனுசரத் திங்கறதோ இல்லியோ, அவன இது மென்னு முழுங்கீருமுங்க."

தங்கசாமி சென்னியம்மாளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தாயின் பின்னால் நடந்தான். வண்டி கிளம்பிற்று.

"நீ உள்ளயே இருந்திருந்தா நான் எப்படியாச்சும் பேசியிருப்பேனே, சாமி" என்றார் பச்சமுத்து.

"என்னத்தப் பேசியிருப்பீங்கப்பா? வந்த நாளா பேசறேன் பேசறேன்னுதான சொல்றீங்க."

அவர் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனார். போட்ட இலைகள் காற்றில் ஓரம் மடங்கிக் கிடந்தன. சென்னியம்மாள் மாப்பிள்ளைக்குப் போட்ட இலையின் முன் உட்கார்ந்து சோறு வைத்து, பருப்பை ஊற்றி, நெய்யையும் தாராளமாக விட்டுக்கொண்டாள். முதல் கவளத்தை வாயில் போட்டாள்.

தலையைத் தூக்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் தெருப்பெண்கள் நாலைந்து பேர் எக்கி நின்று, அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தபடியே அடுத்த கவளத்தை உருட்டினாள்.